எதுவரைக்கும் என்று கேட்கலாமா?

இந்த மாதம் வந்த கடிதங்களை மேசையில் பரப்பிவைத்துப் பார்த்தபோது, பெயரும் ஊரும் வேறாக இருந்தாலும் எல்லாம் ஒரே வீட்டிலிருந்து எழுதப்பட்டவைபோலத் தோன்றின. கடன், நோய், பிரிவு, சாவு. அவற்றின் நடுவே கடவுளை எப்படி நம்புவது என்ற கேள்வி. நான்கு கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். முதற்கடிதத்துக்கே அதிக இடம் போய்விட்டது. மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: மதிப்புக்குரிய ஐயா, என் கணவர் கடற்றொழில் செய்பவர். 2022 இல் மண்ணெண்ணெய் தட்டுப்பாடு வந்தபோது எங்கள் படகு மாதக்கணக்கில் கரையிலேயே கிடந்தது. பிறகு எஞ்சின் பழுதாகி, அதைத் திருத்த என் நகைகளை அடகு வைத்தோம். அடகை மீட்கக் கிழமைக்கடன் எடுத்தோம். அதைக் கட்ட இன்னொரு கடன். செவ்வாய்க்கிழமைகளில் கடன் அறவிட வருபவருடைய மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே பிள்ளைகள் ஓடிப்போய்க் கதவைச் சாத்துகிறார்கள். நான் ஜெபிக்காத நாளில்லை. எங்கள் ஜெபக்கூட்டத்திலோ, விசுவாசக் குறைவுதான் ஆசீர்வாதத்தைத் தடுக்கிறது என்கிறார்கள். போன மாதம் ஓர் இரவு, "நீர் உண்மையில் இருக்கிறீரா?" என்று கடவுளைத் திட்டிவிட்டேன். அன்றிலிருந்து ஆலயத்துக்குப் போகவில்லை. காணிக்கைப் பையில் போடவும் என்னிடம் ஒன்றுமில்லை. நான் விசுவாசத்தை விட்டுவிட்டேனா? (ஒரு தாய், உப்புவெளி)

பதில்: மகளே, கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: இல்லை. இல்லாத ஒருவரோடு யாரும் நள்ளிரவில் எழும்பிச் சண்டை பிடிப்பதில்லை. நீங்கள் திட்டியதாகச் சொல்வதைத்தான் வேதாகமம் சங்கீதம் என்ற பெயரில் சேர்த்துவைத்திருக்கிறது. 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு முறையீடும் புலம்பலுமே. பதின்மூன்றாம் சங்கீதத்தைத் திறந்து பாருங்கள்: "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று அது தொடங்குகிறது. அதற்கு மேலே சிறிய எழுத்தில் உள்ள தலைப்பை நாம் பெரும்பாலும் வாசிக்காமல் தாண்டிவிடுகிறோம். "இராகத் தலைவனுக்கு ஒப்புவித்த" சங்கீதம் என்று அங்கே இருக்கிறது. அதாவது, இந்தக் கேள்வி ஒருவன் படுக்கையில் தனியே முணுமுணுத்ததாக விடப்படவில்லை. இசையமைத்துச் சபையார் எல்லாரும் கூடிப் பாடுவதற்காகக் கையளிக்கப்பட்டிருக்கிறது. எண்பத்தெட்டாம் சங்கீதம் இன்னும் கடுமையானது. மற்றப் புலம்பல்கள் பெரும்பாலும் கடைசி இரண்டு வரியிலாவது ஆறுதலுக்குத் திரும்பும், இது திரும்பாது. நண்பனும் தோழனும் விலகிப்போனார்கள், அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்பதோடு அப்படியே நின்றுவிடுகிறது. அதைத் தொகுத்தவர்களுக்கு ஒரு நல்ல வரியைச் சேர்த்து முடித்துவிடுவது கடினமான காரியமல்ல. அவர்கள் சேர்க்கவில்லை.

தமிழ்க் காதுக்கும் இது புதிதல்ல. கண்பார்வை இழந்த சுந்தரர் திருவாரூரில் நின்று, "வாழ்ந்து போதீரே" என்று தம் இறைவனையே ஏசிப் பாடியதை நம் அயலவர்கள் தேவாரமாகப் போற்றுகிறார்கள். நம் ஞாயிறு ஆராதனைகளில்தான், நன்றிப் பாட்டும் துதிப் பாட்டுமாய்ப் போகும் ஒன்றரை மணி நேரத்தில், கடன்காரனுக்குப் பயந்து வந்திருப்பவர் பாடுவதற்கு ஒரு பாட்டுக்கூட இல்லாமல் போய்விட்டது. இது என் நெடுநாள் ஆதங்கம். சபைப் பெரியவர்கள் யாராவது இதை வாசிப்பார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

உங்கள் ஜெபக்கூட்டத்தாருக்கு யோபுவின் நண்பர்களை நினைவூட்ட விரும்புகிறேன். எல்லாவற்றையும் இழந்து நின்ற யோபுவின் துயரத்தைக் கண்டு அவர்கள் ஏழு நாள் அவனோடு தரையிலே பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஏழு நாளும் அவர்கள் நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். பிறகு வாயைத் திறந்து, நீ ஏதோ செய்திருக்க வேண்டும், உன் பக்கத்தில்தான் குறை என்று விளக்கத் தொடங்கினார்கள். நூலின் முடிவில் கடவுள் கோபிப்பது, தம்மோடு வாதாடிய யோபுவின்மேல் அல்ல, தமக்காக வாதாடிய இவர்கள்மேல்தான். ஆனாலும் உங்கள் கூட்டத்தாரை வெறுக்காதீர்கள். உங்களுக்கு வந்தது ஒரு காரணமுமில்லாமல் வந்திருந்தால் நாளைக்குத் தங்களுக்கும் வரலாமே என்ற பயத்தில்தான் பலர் இப்படிக் காரணம் தேடுகிறார்கள்.

காரணம் தேடுவதென்றால் கண்ணுக்கு முன்னால் இருப்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாயானது. ஜெபித்தவனுடைய எஞ்சினுக்கும் ஜெபிக்காதவனுடைய எஞ்சினுக்கும் அதே விலைதான். உங்கள் கணவரின் படகு கரையில் கிடந்தது உங்கள் விசுவாசத்தை அளக்கும் கோல் அல்ல.

இனிக் கடனுக்கு வருகிறேன், ஏனென்றால் ஆறுதல் சொல்லிவிட்டுக் கடனைப் பற்றிப் பேசாமல் போகிறவர் போதகராக இருக்கத் தகுதியில்லை. இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் நான்காம் அதிகாரத்தில் ஒரு விதவை வருகிறாள். கணவன் கடவுளுக்குப் பயந்து நடந்தவன், கடனோடு செத்துப்போனான், கடன் கொடுத்தவன் அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாகக் கொண்டுபோக வந்து நிற்கிறான். தீர்க்கதரிசியாகிய எலிசா அவளிடம், உன் விசுவாசம் எவ்வளவு என்று கேட்கவில்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டான். ஒரு குடம் எண்ணெய் இருந்தது. அயல்வீடுகளுக்குப் போய் வெறும் பாத்திரங்களைக் கடனாக வாங்கிவரச் சொன்னான், அதுவும் கொஞ்சமாக அல்ல, அநேகம். எண்ணெய் பெருகியதை எல்லாரும் பிரசங்கிக்கிறார்கள். எனக்கு அந்தப் பாத்திரங்களில்தான் கண் நிற்கிறது. வீடு வீடாய்ப் போய்ச் சட்டி பானை கேட்டவளுடைய கஷ்டம் அதற்குப் பிறகு தெருவுக்கே தெரிந்திருக்கும். ஒளித்துவைத்திருந்த கடன் வெளியே வந்துவிட்டது. கடைசியில் எலிசா சொன்னதும் கணக்குத்தான்: எண்ணெயை விற்றுக் கடனைத் தீர்; மீந்ததைக்கொண்டு நீயும் பிள்ளைகளும் சீவனம் நடத்துங்கள்.

ஆகவே ஒரு கொப்பி எடுங்கள். எந்தக் கடன், எப்போது எடுத்தது, எவ்வளவு கையில் கிடைத்தது, இதுவரை எவ்வளவு கட்டியது, வட்டி எத்தனை வீதம், இன்னும் எவ்வளவு மீதி என்று ஒவ்வொன்றாகக் கணவரோடு உட்கார்ந்து எழுதுங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் இனி ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள்; தவணையை நீட்டித் தரும்படி கடன் கொடுத்த இடங்களுக்கு எழுத்திலே கேளுங்கள். கணவர் உறுப்பினராக இருக்கும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்திலும், பிரதேச செயலகத்திலும் உங்கள் நிலைமையைச் சொல்லுங்கள். அரசின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு கிடைக்கவில்லையானால் ஏன் கிடைக்கவில்லை என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. அடுத்த செவ்வாய்க்கிழமை கதவைச் சாத்த விடாதீர்கள். சபையில் உங்களுக்கு நம்பிக்கையான ஒரு பெண்ணைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு, கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, வருபவரோடு முற்றத்தில் நின்று பேசுங்கள். பிள்ளைகள் அதைப் பார்க்கட்டும்.

காணிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு காசு போட்ட ஏழை விதவையின் கதையைக் காணிக்கை எடுக்கும்போது அடிக்கடி கேட்டிருப்பீர்கள். மாற்கு அந்தக் கதைக்குச் சற்று முன்னே எழுதியிருப்பதையும் வாசியுங்கள்: விதவைகளின் வீடுகளைப் பட்சித்துவிட்டு, பார்வைக்கு நீண்ட ஜெபம் செய்கிறவர்களை இயேசு அங்கே கண்டிக்கிறார். இரண்டையும் சேர்த்து வாசித்தால், இல்லாதவளிடம் பை நீட்டும் கைக்கு அந்தக் கதை அவ்வளவு வசதியாக இருக்காது. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கு வாருங்கள். பை உங்களிடம் வந்தால் வாங்கி அடுத்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் கணவருக்கு அப்போஸ்தலர் இருபத்தேழாம் அதிகாரத்தை வாசித்துக் காட்டுங்கள். கடலைத் தெரிந்தவருக்கு என்னைவிட அது நன்றாக விளங்கும். கப்பலில் 276 பேர், பதினான்காம் இரவு, சூரியனையும் நட்சத்திரங்களையும் பல நாளாய்க் காணவில்லை. தப்பிப்பிழைப்போம் என்ற நம்பிக்கை முழுவதும் அற்றுப்போயிற்று என்று லூக்கா எழுதுகிறார். அதில் அவர் தம்மையும் சேர்த்தே சொல்கிறார். ஆழம் பார்த்துப் பாறைக்குப் பயந்து, பின்னணியத்திலிருந்து நான்கு நங்கூரங்களைப் போட்டுவிட்டு, எப்போது விடியும் என்று காத்திருந்தார்கள். விடிகிற நேரத்தில், அந்தக் கப்பலில் கைதியாய் இருந்த பவுல் எல்லாரையும் சாப்பிடச் சொன்னார். நங்கூரத்தை ஏன் அணியத்திலிருந்து போடாமல் பின்னணியத்திலிருந்து போட்டார்கள் என்று கணவரிடம் கேட்டுப்பாருங்கள். நெடுநாளைக்குப் பிறகு அவர் உங்களுக்கு ஒன்றைச் சொல்லிக்கொடுக்கும் வாய்ப்பு அது.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1990 இல் நாங்கள் இடம்பெயர்ந்து ஒரு பாடசாலைக் கட்டடத்தில் தங்கியிருந்தபோது, மூன்று மாதத்துக்கு மேல் என்னால் ஜெபிக்க முடியவில்லை. வாயைத் திறந்தால் சொல் வராது. என் மனைவி தன் ஜெபத்தை முடித்துவிட்டு, "இது இவருடையது" என்று சொல்லி இன்னொரு ஜெபம் செய்வாள். நாலுபேர் கூரையைப் பிரித்து இறக்கிய திமிர்வாதக்காரனைப் பற்றி மாற்கு எழுதும்போது, இயேசு "அவர்கள்" விசுவாசத்தைக் கண்டார் என்கிறார். படுக்கையில் கிடந்தவனுக்கு எவ்வளவு விசுவாசம் இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. உங்களைத் தூக்க நாலுபேர் தேவைப்படுகிற காலம் இது.

கேள்வி: ஐயா, என் அம்மாவுக்கு அறுபத்திரண்டு வயது. பத்து வருடமாகச் சலரோகம். கிளினிக்கில் குளிசை எடுத்து, இப்போது ஊசியும் போடுகிறார். அண்மையில் ஓர் ஊழியக்காரர் ஜெபித்துவிட்டு, சுகம் கிடைத்துவிட்டது, மருந்தை நிறுத்துவதே விசுவாசத்தின் அடையாளம் என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று கிழமையாக அம்மா மருந்து எடுக்கவில்லை. காலில் ஒரு புண் ஆறாமல் இருக்கிறது. நான் வற்புறுத்தினால் அவருடைய விசுவாசத்தைக் குலைத்தவனாவேனா? (ஒரு மகன், பாலையூற்று)

பதில்: தம்பி, இதழ் அச்சாகும்வரை இதற்குக் காத்திருக்க முடியாது என்பதால் உங்களுக்கு ஏற்கெனவே தொலைபேசியில் சொல்லிவிட்டேன், அம்மாவை அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோனீர்கள் என்று அறிந்து ஆறுதலடைந்தேன். இதே நிலையில் இருக்கும் மற்ற வீடுகளுக்காகவே இங்கே எழுதுகிறேன். சலரோகக்காரருடைய கால் நரம்புகள் மரத்துப்போயிருந்தால் புண் வலிக்காது. இரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் ஆறாது. சீனி ஏறி நின்றால் கிருமி வேகமாகப் பரவும். கடைசியில் விரலை, சில வேளை காலையே எடுக்க நேரிடுகிறது. ஊசியைத் திடீரென நிறுத்துவது சிலருக்கு உயிராபத்தாகவே முடியும். வைத்தியர் சொல்லாமல் யாரும் மருந்தை நிறுத்தக்கூடாது, நிறுத்தச் சொல்பவர் எவ்வளவு பெரிய ஊழியக்காரராக இருந்தாலும்.

பவுல் தீமோத்தேயுவின் வயிற்று வருத்தத்துக்கு ஜெபத்தை மட்டும் சொல்லாமல், அக்காலத்து மருந்தாகிய கொஞ்சம் திராட்சரசத்தையும் சொன்னார். துரோப்பீமு என்ற தோழரை மிலேத்துவில் நோயாளியாக விட்டுவந்தேன் என்று ஒளிக்காமல் எழுதினார். தம் சரீரத்து முள் நீங்க மூன்றுதரம் வேண்டிக்கொண்டு, நீங்காமலே இருந்தார். இவர்கள் மூவரும் விசுவாசம் குறைந்தவர்கள் என்று சொல்ல அந்த ஊழியக்காரருக்குத் துணிவு இருக்காது என்று நினைக்கிறேன். நம் நாட்டுக் கதையும் இருக்கிறது. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த மிஷனரி வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தி, மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து, வைத்திய நூல்களைத் தமிழில் ஆக்கியவர். நம் மொழியில் உடற்கூற்றியலை எழுத வைத்தது சுவிசேஷம் சொல்ல வந்தவர்களுடைய விசுவாசமே. அம்மாவிடம் இதைக் கோபத்தோடு சொல்லாமல், ஊசி போடுவதற்கு முன் அவரோடு சேர்ந்து ஒரு சிறு ஜெபம் செய்யுங்கள். இரண்டும் ஒரே மேசையில் இருக்கலாம் என்பது அவருக்குப் பழகிவிடும்.

கேள்வி: குடும்பக் கஷ்டத்துக்காக வெளிநாட்டுக்கு வேலைக்குப் போவது கடவுளை நம்பாத செயலா? (ஓர் இளம் வாசகி, மூதூர்)

பதில்: இல்லை. பஞ்சத்துக்காக யாக்கோபின் குடும்பம் எகிப்துக்குப் போனது. நகோமியின் குடும்பம் மோவாபுக்குப் போனது. போவதா இல்லையா என்பதைவிட, யார் மூலம் போகிறீர்கள் என்பதே இப்போது முக்கியமான கேள்வி. முகவருடைய அனுமதிப்பத்திரத்தை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் சரிபார்த்துவிட்டு எழுதுங்கள், மிச்சத்தைப் பிறகு பேசலாம்.

கேள்வி: ஐயா, சுனாமியில் என் தாயாரை இழந்தேன். என் மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. வீட்டில் உள்ள படத்தைப் பார்த்து, "நத்தாருக்கு அடுத்த நாள் அப்பம்மாவைக் கடல் கொண்டுபோனபோது இயேசு ஏன் தடுக்கவில்லை?" என்று கேட்கிறாள். அந்தக் காலத்தில் அது பாவத்துக்கு வந்த தண்டனை என்று சிலர் பிரசங்கித்தது என் நெஞ்சில் இன்னும் கிடக்கிறது. மகளுக்கு என்ன சொல்வது? (ஒரு தகப்பன், நிலாவெளி)

பதில்: முதலில், சொல்லக்கூடாததைச் சொல்கிறேன். கடவுளுக்கு அப்பம்மா தேவைப்பட்டார் என்று சொல்லாதீர்கள். பிள்ளை கடவுளுக்குப் பயந்து படுப்பாள். தண்டனை என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததைப் பற்றிப் பேசும்போது, அவர்கள் எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிடக் குற்றவாளிகளாய் இருந்தார்கள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொன்னார். அந்தப் பிரசங்கிமார் இந்த அதிகாரத்தை எந்த இருட்டில் வாசித்தார்களோ தெரியாது.

பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு உண்மை விளங்கும். சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் பூமியின் தட்டு ஒன்று இன்னொன்றின்கீழ் நழுவியது, 9.1 அளவிலான நில அதிர்வு. சுமார் இரண்டு மணி நேரத்தில் அலை எங்கள் கரைக்கு வந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் எங்களுக்குச் சொல்ல இந்து சமுத்திரத்தில் அப்போது எச்சரிக்கை அமைப்பு இருக்கவில்லை, பிறகுதான் அமைத்தார்கள். இலங்கையில் மட்டும் 35,000 க்கு மேற்பட்டோர் இறந்தும் காணாமலும் போனார்கள். கிறிஸ்தவர், இந்துக்கள், முஸ்லிம்கள், பௌத்தர் எல்லாரும். இவ்வளவையும் சொன்ன பிறகும், "இயேசு ஏன் தடுக்கவில்லை" என்ற கேள்வி அப்படியே நிற்கும். அதற்கு, "அப்பாவும் அதையேதான் அவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்லுங்கள். பதின்மூன்றாம் சங்கீதத்தை அவளோடு சேர்ந்து வாசியுங்கள். அப்பம்மா எந்தப் பாட்டை முணுமுணுப்பார், மீன் குழம்புக்குப் புளி கூட விடுவாரா குறைய விடுவாரா என்பதையெல்லாம் சொல்லுங்கள். படத்தில் இருப்பவர் அவளுக்கு இன்னும் கடல் கொண்டுபோன ஒருவர் மட்டும்தான்.

கடவுள் அன்றைக்கு எங்கே இருந்தார் என்று அவள் பிறகு கேட்டால், நான் கண்டதைச் சொல்லலாம். அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், எங்கள் ஆலய மண்டபத்தில் ஈரச் சேலையோடும் ஈரப் பாயோடும் நூற்றுக்கணக்கானவர்கள் இருந்தார்கள். காலையில் பிரசங்கிக்க எழுதிவைத்த தாள் என் சட்டைப் பையில் மடித்தபடியே இருந்தது. அதை விரிக்க எனக்கு மனம் வரவில்லை. பொழுதுபடும் நேரத்தில் தம்பலகாமம் பக்கத்திலிருந்து ஓர் உழவு இயந்திரம் வந்து நின்றது. பெட்டியில் பெரிய கிடாரம் ஒன்றில் சோறும் இன்னொன்றில் பருப்பும். இரண்டும் அவர்களுடைய பள்ளிவாசல் கிடாரங்கள். கொண்டுவந்த மனிதர் எங்களைப் பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. வாளியிலும் தட்டிலும் வாழையிலையிலும் பங்கிட்டு முடிந்ததும், எங்கள் பெண்கள் கிடாரத்தைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போகப் பார்த்தார்கள். அவர் கையைக் காட்டித் தடுத்தார். "கழுவ வேணாம், அப்பிடியே ஏத்துங்க. இன்னும் ரெண்டு முகாம் இருக்கு."